பங்கருக்குப் பதில் ஒரு வசனம்

உடையார்கட்டில் எங்கள் சபையின் ஞாயிறு வேதவகுப்பை நான்தான் நடத்துகிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் போதகர் அதை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கும் வாய்க்குக் குறைவில்லை.

போன மாதம், வேதாகமத்தின் சங்கீதங்களில் கடவுளைப் பற்றி வரும் உருவகங்களை விளக்கினேன். செட்டை என்றால் கடவுளுக்கு இறகு முளைத்திருக்கிறது என்று பொருளில்லை. கன்மலை என்றால் கல்லும் இல்லை, கோட்டை என்றால் சுவரும் இல்லை. கண்ணால் காணாத பாதுகாப்பை மனிதன் தனக்குத் தெரிந்த பொருட்களை வைத்துச் சொல்லிப் பார்க்கிறான், அவ்வளவுதான் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

பின்வரிசையில் இருந்த அக்கா கையை உயர்த்தினார். வீட்டுக்கு வீடு பங்கர் என்று பதுங்குகுழி வெட்டியிருந்த சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வளவில் இருந்தவர். செல்லடியில், குண்டு விழுந்து, கணவரைப் பறிகொடுத்தவர்.

"மாஸ்டர், எங்கட பங்கர் சின்னன். நானும் பிள்ளையளும் இருந்தால் அவருக்கு இடமில்லை. அதுதான் அண்டைக்கு உங்கட பங்கருக்கு ஓடி வந்தவர். நீங்கள், இடமில்லை, கர்த்தர்தான் எங்களுக்குக் கன்மலை, பயப்படாமல் போங்கோ எண்டு சொல்லி அனுப்பினனீங்கள். அவர் திரும்பி வந்து, மாஸ்டரே சொல்லிப்போட்டார், இனி என்ன பயமெண்டு எங்கட பங்கர் வாசலிலை குந்தினவர். அது உருவகமெண்டு அவருக்குத் தெரியேல்லை, என்ன?"

குரலில் கோபமில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று நான் விசுவாசத்தில் அதைச் சொல்லவில்லை. ஆளை அனுப்பிவிடத்தான் சொன்னேன். எங்கள் பங்கருக்குள் நானும் மனைவியும் மட்டுமே இருந்தோம். மிச்ச இடத்தை ஒரு பெரிய தகர றங்குப்பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் என் சான்றிதழ்களும் மனைவியின் கூறைச்சேலையும். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருந்தால் அந்த மனிதர் உள்ளே இருந்திருப்பார். பெட்டி இன்றும் என் அறையில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம் அக்கா, அதுவும் உருவகம்தான்" என்றேன்.

அவர் கொப்பியைத் திறந்து, நான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டார்.