கிளிமீன் குடலில் கல் உப்பு

பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீனின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் என் ஆராய்ச்சி. தொட்டியில் வளர்த்த மீன் ஆகாது. கடலில் பிடித்த மீனின் குடலைக் கரையிலேயே அறுத்து ஐஸில் வைத்து, பாக்டீரியா சாவதற்குள் லேபுக்குக் கொண்டுவர வேண்டும். கடலே இல்லாத வேலூரில் இருந்துகொண்டு இதை யார் எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், நானேதான் எடுத்தேன்.

அந்த முறை மண்டபம் கடற்கரையில் மூன்று நாள் தவம் கிடந்து, பன்னிரண்டு மீன்களின் குடலைச் சின்னக் குழாய்களில் அடைத்து எடுத்து வந்தேன். மறுநாளே மீன்பிடித் தடை தொடங்குகிறது. தடை முடிவதற்குள் ஆய்வேடு கொடுக்க வேண்டிய கெடு முடிந்துவிடும். இந்தப் பன்னிரண்டை விட்டால் வேறு கதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலூரில் வந்து இறங்கினால் லேபுக்குப் பூட்டு. சாவிக்காரர் குடும்பத்தோடு சோளிங்கர் மலைக்குப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்பூர் வீட்டுக்கு வந்து, தெர்மாகோல் பெட்டியைக் கணவரிடம் கொடுத்தேன். "கெடாமப் பாத்துக்குங்க, இன்னொரு சாவி யார்கிட்டயாவது வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பஸ் ஏறினேன்.

சாவியோடு திரும்பியபோது மணி மூன்று. கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஐஸெல்லாம் கரைஞ்சிப்போச்சி. கரண்ட்டும் இல்ல. லேசா வாடை வந்துட்ச்சி, அதான் உப்பு போட்டுட்டேன்."

தோல் தொழிற்சாலையில் பச்சைத்தோல் வந்து இறங்கும் பகுதிக்கு, அது அழுகாமல் உப்புப் போட்டு அடுக்கும் வேலைக்கு, அவர்தான் மேற்பார்வை. பன்னிரண்டு குழாய்களையும் திறந்து, கல் உப்பைப் பொடித்து, குச்சியால் உள்ளே திணித்து, மூடியைத் துடைத்து, எண் மாறாமல் அடுக்கி வைத்திருந்தார். ஓர் எண்ணாவது மாறியிருந்தால் திட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? கிருமியெல்லாம் செத்துடும்."

"அதுக்குத்தானே போட்டேன்."

"அது உயிரோட வேணும்ங்க எனக்கு."

"கடல்லதானே இருந்திச்சி? அங்க இல்லாத உப்பா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடல் நீரில் நீந்துவது வேறு, உப்பில் புதைவது வேறு என்று கத்தினேன். அப்படியே லேபுக்கு ஓடி எல்லாவற்றையும் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளில் தடவி வைத்தேன். ஒரு வாரம் பார்த்தும் எதிலும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. இனி கெடுவுக்குள் முடிக்க வழியில்லை.

அந்த ஏழாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"கல்யாணமாகி மூணு வருஷமா மீன் ஆராய்ச்சின்னுதான் சொல்ற. கிருமின்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை. தோல் கிடங்கில் நிற்பவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

"லாரியில வர்ற தோல்ல மயிர இழுத்துப் பாத்தே கிருமி ஏறிட்ச்சா இல்லியான்னு சொல்றவன் நானு. அது உயிரோட வேணும்னு சொல்லியிருந்தா, பெட்டிய மடியில வெச்சிகினு ஐஸ் கம்பெனி வாசல்லயே உக்காந்திருப்பேன்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை.