திங்கட்கிழமைப் பல்

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பல்லில் கிளிப்பு போட்டுவிட்டுப் பயந்துகொண்டிருக்கிற அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மேல்வரிசை முன்பற்கள் உதட்டுக்கு வெளியே நின்றன. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேங்காய்த்துருவி என்று பெயர். அதனால்தான் படிப்பை விட்டு நின்றேன். எங்கள் மாதா கோயிலில் அப்போதுதான் லத்தீன் போய்ப் பூசைப் பாட்டுகள் தமிழில் வந்திருந்தன. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர். பெங்களூருக்குக் காய்கறி ஏற்றும் லாரியில் வேலை. ஒருநாள் என்னையும் அதில் உட்காரவைத்து அங்கே பல்லாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் வரும். அச்சு எடுத்து, பிறகு பிளேட்டு (மேல்வாயில் ஒட்டி உட்காரும் தகடு, முன்னால் பல்லை உள்ளே தள்ளக் கம்பி) மாட்டினார்.

"வளர்ற வயசு, பல்லு சொன்ன பேச்சு கேக்கும். ஆனா பிளேட்டு வாயில இருக்கணும். கழட்டி வெச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

கிளம்பும்போது அப்பாவிடம், "திங்களு திங்களு பன்னி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே வந்ததும் அப்பா, "பன்னின்னா வாங்கன்னு அர்த்தம் கண்ணு. திங்கக்கெழம திங்கக்கெழம வரச் சொல்றாங்க" என்றார். அவருக்குக் கன்னடம் தெரியும் என்று பெருமையாக இருந்தது.

முதல் வாரம் நல்ல வலி. 'ச' சொன்னால் காற்றுதான் வந்தது. கை பிளேட்டைக் கழற்றப் போகும். திங்கட்கிழமை டாக்டரம்மா பார்ப்பாரே என்று இறங்கிவிடும். சாப்பிட்டதும் கழுவி மாட்டுவேன். நாக்கால் பல்லை முட்டும் பழக்கத்தையும் விடச் சொல்லியிருந்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். களி என்றேன். "ஒள்ளேது, நல்லது, அதைக் கடிக்கவே வேண்டாமே" என்று சிரித்தார்.

சில வாரம் கழித்து அவரே கேட்டார். "ஏன் ஐயா, வாராவாரம் வர்றீங்க? பொண்ணுக்கு நோவா?"

"நீங்கதானம்மா திங்களு திங்களுன்னீங்க. இன்னைக்குத் திங்கக்கெழமதானே?"

டாக்டரம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கன்னடத்தில் திங்களு என்றால் மாதமாம்.

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "அப்ப மாசத்துக்கொருக்கா வந்தாப் போதுங்களா?"

டாக்டரம்மா என் வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "வேண்டாம், திங்கக்கெழமையே இருக்கட்டும். மத்த பசங்க பிளேட்டை அலமாரியில வெச்சிட்டு, நான் கூப்பிடற அன்னிக்கு மாட்டிட்டு வர்றாங்க. இவ பல்லு நகருது."

கம்பியை முறுக்கியது மாதம் ஒருமுறைதான். மற்றத் திங்கட்கிழமைகளில் பார்த்துத் தலையாட்டி அனுப்புவார். ஒரு வருடம் தாண்டிப் பல் உள்ளே வந்தது. பிறகும் ராத்திரிக்கு மட்டும் வேறு பிளேட்டு போட்டேன். அதை விட்டுவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உங்கள் பிள்ளைக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் பாடினேன். முன்வரிசையிலிருந்து அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "யாருடி இவ புதுசா இருக்காளேன்னு பார்த்தேன்" என்றார்.

கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முன்பற்கள் அப்படியே நிற்கின்றன. இப்போதும் திங்கட்கிழமை விடிந்தால், நாள் எது என்று எனக்கு நினைவு வருமுன்பே நாக்கு போய் அவற்றைத் தடவிப் பார்த்துவிடுகிறது. டாக்டரம்மாவின் திங்களு கணக்கில் எனக்கு மாதத்துக்கு நாலைந்து மாதம்.

கன்னடம் தெரிந்த யாராவது அந்தச் சொல்லைச் சரிபார்த்துவிடுங்கள். பிளேட்டு விவரத்தைப் பல் டாக்டர் யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.