வெள்ளி பழகிய மண்

ஊர்க் கடைசியில் கீரை போட்டுப் பிழைத்த அவளுக்குச் சரவெடி என்று பெயர் வைத்ததே அவள் மாமியார்தான். பற்றிக்கொண்டால் முழுச் சரமும் வெடித்த பிறகுதான் ஓய்வாள். புருஷன் நேர்மாறு. எது கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு சரி.

தோட்டத்தை ஒட்டிக் காலுறை ஆலை. எவ்வளவு வேர்த்தாலும் நாறாத காலுறை. நாற்றம் உண்டாக்கும் கிருமி சாகட்டும் என்று நூலுக்கு வெள்ளிப் பூச்சு கொடுப்பார்கள். பூச்சுத் தொட்டி கழுவிய தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் ஒரே குழியில் விழும். அடியில் தங்கிய கரிய சேற்றை, "தங்கமான உரம், சும்மாவே எடுத்துக்கோங்க" என்று ஆலை மேலாளர் வண்டி வண்டியாக அனுப்பிவைத்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்து யார் பார்க்கிறார்கள்? வருஷக்கணக்கில் அதையே பாத்தியில் கொட்டிக் கிளறினார்கள் இருவரும்.

ஒருநாள் மண்வெட்டி நழுவிப் புருஷனின் கால் கட்டைவிரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் வெள்ளி கலந்த களிம்பு போட்டுக் கட்டினார்கள். ஆறவேண்டிய புண் சீழ் கோத்தது. கட்டு மாற்ற மாற்ற மோசமானதே தவிர, குறையவில்லை. டாக்டரம்மா சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் முகம் மாறியது.

"இந்தக் கிருமிக்கு வெள்ளி பழகிப்போச்சும்மா. களிம்பு அதை ஒண்ணும் பண்ணல."

"வெள்ளியா? எங்க வீட்ல கால்ல போட ஒரு கொலுசு கிடையாது டாக்டர். அதுக்கு எங்க பழகிச்சாம்?"

டாக்டரம்மா தோட்டத்தைப் பற்றி விசாரித்தார். சேற்றைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மண்ணையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். பாத்தி முழுக்க வெள்ளி. அதில் உயிரோடிருந்ததும் அதே வகைக் கிருமி.

"வெள்ளி மண்ணுல விழுந்தா நிறையக் கிருமி சாகும். பயிருக்கு உதவற நல்லதும் சேர்ந்து சாகும். உள்ள வந்த வெள்ளியை வெளிய தள்ளத் தெரிஞ்சது மட்டும் பிழைக்கும். அந்த வித்தையைப் பக்கத்துல இருக்கிறதுக்கும் கொடுக்கும். அப்படிப் பிழைச்ச ஒண்ணுதான் வெட்டுக்காயம் வழியா ஏறியிருக்கு."

மருந்தை மாற்றினார்கள். அதற்குள் விரல் அழுகியிருந்தது. எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த புருஷன் கட்டைப் பார்த்து, வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நேரே மேலாளரிடம் போனாள். அவர் சிரித்தார். "வெள்ளி கிருமியைக் கொல்ற பொருள்மா. உங்க மண்ணு முன்னைவிட சுத்தமாத்தான் ஆகியிருக்கும்."

"சுத்தமா? அப்ப இருங்க, வர்றேன்."

தம்பியின் டிராக்டரை வரவழைத்தாள். தோட்டத்து மூலையில் குவிந்திருந்த சேற்றை அள்ளி ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு வேளை, கேட் திறந்திருந்தது. அலுவலகத்துக்கு முன்னால், மேலாளர் ஆசையாக வளர்த்த பூச்செடிகளின் மேல் மொத்தத்தையும் சரித்தாள்.

மேலாளர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், என்ன பண்றே? கையால தொடக்கூடாததும்மா அது! யாரும் கிட்ட வராதீங்க!"

டிபன் பாக்ஸும் கையுமாக நின்ற தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தொடக்கூடாததா?" அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். "நாங்க கையால கிளறினோம், வெறுங்கால்ல மிதிச்சோம். எங்களுக்கு உரம், உங்க ரோஜாவுக்கு மட்டும் விஷமா? எங்க காலெல்லாம் கால் இல்லையா சார்?"

அத்துமீறி நுழைந்தாள் என்று அவள்மேல்தான் முதலில் புகார் போனது! விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் தொழிலாளர்களே வரிசையாக நின்று காதால் கேட்டதைச் சொன்னார்கள். டாக்டரம்மாவும் வந்து பேசினார். சேற்றை வெளியே கொடுக்கத் தடை போட்டார்கள். மேலாளரைத் தண்டித்தார்களா? வேறு கிளைக்கு மாற்றினார்கள்.

மண்ணில் கலந்த வெள்ளி மண்ணிலேயே கிடக்கிறது. அவ்வளவு சுலபத்தில் போகாதாம். ஆலைக்காரர்கள் வேறு இடத்தில் நிலம் கொடுத்தார்கள். அதிலும் முதல் கீரை வந்துவிட்டது. புருஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து தண்ணீர் பாய்ச்சுகிறான். "போனது போகட்டும், மறந்துடு அக்கா" என்று யாராவது சொன்னால் போதும்.

"விரல் உன்னுதா இருந்தா மறப்பியா?" என்று தொடங்கிவிடுவாள்.