மஞ்சள் பூசிய முட்டைகள்

சவரியம்மாள் பிறவியிலேயே வேதக்காரிதான். ஆனால் ஈஸ்டருக்குத் தோட்டத்தில் முட்டையை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவார்கள் என்பது, நல்லூர் பனியன் கம்பெனி மேனேஜர் சரவணக்குமார் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். சிவகங்கைப் பக்கத்தில் ஈஸ்டர் என்றால் பூசை, புதுச்சேலை, ஆட்டுக்கறிக் குழம்பு. முட்டைக்கு அங்கே என்ன வேலை?

"ஏனுங்கக்கா, உங்க பண்டிகை உங்களுக்கே தெரியாதுங்களா?" என்று கேட்டான் அவன்.

ஜெர்மனியிலிருந்து, கம்பெனிச் சரக்கை வாங்குகிற பையர் அம்மா வருகிறாளாம். ஈஸ்டர் ஞாயிறு என்றாலும் கம்பெனியில் ஓவர்டைம் உண்டு. தொழிலாளிகளின் பிள்ளைகள் தோட்டத்தில் முட்டை தேடுவதைப் பார்த்தால் அந்த அம்மா மனம் குளிர்ந்துபோவாள் என்பது அவன் கணக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சவரியம்மாள் என்பதால் இந்த வேலையும் அவள் தலையில்தான் விடிந்தது.

"நல்லபடியா முடிச்சுக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குக் கேட் பாஸ் போட்டுத் தர்றனுங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முட்டை என்ன, மலையையே ஒளித்து வைப்பாள். அடுத்த ஞாயிறு அவள் மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். புருஷன் செத்த பிறகு பிள்ளையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டலில் கிடக்கிறாள். மேனேஜர் கையெழுத்தில்லாமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டான். கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது ஷிப்மென்ட் என்றார்கள். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது ஆடிட் என்றார்கள். வேலையை விட்டெறிந்துவிட்டுப் போகலாம்தான். அப்புறம் ஜெசிந்தாவை யார் படிக்க வைப்பது?

முட்டைக்கு நிறம் ஏற்றச் சாயப்பட்டறையிலிருந்து ஒரு டப்பா அனுப்பியிருந்தான் சரவணக்குமார். பிள்ளைகள் வாயில் போகிற பண்டத்துக்குச் சாயமா என்று அதைத் தூக்கிக் கடாசினாள். அறுபது முட்டையை அவித்துப் பாதிக்கு மஞ்சளைப் பூசினாள். மீதியைப் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்துச் சிவப்பாக்கினாள். ஞாயிறு காலையில் செம்பருத்திச் செடியடியிலும் குரோட்டன்ஸ் மறைவிலும் ஜோடி ஜோடியாக ஒளித்து வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டீ நேரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு தோட்டத்துக்கு வந்தார்கள். பையர் அம்மா கேமராவோடு நின்றாள். செக்கிங் செக்‌ஷன் ரங்காத்தாளின் மகள்தான் முதலில் ஓடிச் செடியை விலக்கினாள்.

"தொடாத கண்ணு!" ரங்காத்தாள் போட்ட சத்தத்தில் பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. "மஞ்சளும் செவப்புமா முட்டை வெச்சிருக்குது! ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க சாமி!"

அவ்வளவுதான். அத்தனை தாய்மார்களும் பிள்ளைகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

சவரியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. செடியடியில் மஞ்சள் பூசிய முட்டை கிடந்தால் அவள் ஊரிலும் தாண்டிப் போகமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். கேட் பாஸையே நினைத்துக்கொண்டிருந்த புத்திக்கு இது எட்டவில்லை. பையர் அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். சரவணக்குமார் முகத்தில் ஈயாடவில்லை.

சவரியம்மாள் விடுவிடுவென்று போய் ஒரு முட்டையை எடுத்தாள். உரித்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டாள்.

"நாந்தான் மஞ்சப் பூசுனேன். எனக்கு என்ன ஆச்சு, பாருங்க!" என்றாள். யாரும் அசையவில்லை. சிவப்பில் ஒன்றைத் தின்றாள். கண்ணில் நீர் முட்டியது. மூன்றாவதையும் விழுங்கினாள். மாதாவே, இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆசையைக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ரங்காத்தாள் இடுப்பிலிருந்து அவள் மகள் நழுவி இறங்கி ஒரு முட்டையை எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு தோட்டமே ரெண்டுபட்டது. பையர் அம்மா கைதட்டிச் சிரித்தாள்.

சரவணக்குமார் வாயெல்லாம் பல்லாக வந்தான். "கலக்கிட்டீங்கக்கா! இவங்க ஆளுங்க இன்னும் நாலு பேரு அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றாங்களாமுங்க. இதே மாதிரி ஒண்ணு வெச்சிருங்க."

"அதுக்குள்ள ஈஸ்டர் முடிஞ்சிருமே சார்?"

"அவங்களுக்குப் போட்டோதானுங்க வேணும்."

"சார், எம்மகளுக்குப் புதுநன்மை... கேட் பாஸ் தாரேன்னு சொன்னீங்களே."

"நல்லாருக்குதே! நீங்க ஊருக்குப் போயிட்டா, முட்டையத் தின்னு காட்டறது ஆருங்க?"

பையர் அம்மா கேமராவை அவள் பக்கம் திருப்பினாள். சவரியம்மாள் சிரித்தாள்.