மூன்று உச்சிகளும் ஒரு கான் தண்ணீரும்

1. மழை விட்டு மலைப்பாதை திறந்த முதல் வாரத்தில் அண்ணை, மச்சாள், நான் மூவரும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போனோம்.
2. எங்கள் ஊரான பண்டத்தரிப்பிலிருந்து ஒரு கான் தண்ணீரும் கூட வந்தது.
3. முதலாம் உச்சியில் பிட்டு சாப்பிட்டோம்.
4. இரண்டாம் உச்சியில் மச்சாளின் காலில் அட்டை கடித்தது.
5. இரண்டாம் உச்சிக்கும் மூன்றாம் உச்சிக்கும் நடுவில், ஒடுங்கிய மலைமுதுகில், அண்ணை நிலத்தில் இருந்துவிட்டார்.
6. நான் அந்த இடத்தைக் கடந்தேன், திரும்பிப் போனேன், மறுபடியும் கடந்தேன்.
7. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினோம்.
8. திங்கட்கிழமை அலுவலகத்தில் பதில் சொன்னேன்.

என் அலுவலகத்தில் எந்த வேலை முடிந்தாலும் நடந்ததை முதலில் இப்படி இலக்கமிட்டு எழுதிவிட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஐந்தாவதை எழுதலாமா என்று அண்ணையிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா இருந்தார் எண்டு எழுது. பயந்தார் எண்டு எழுதாதை" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

நான் தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளர். பயிற்சிக்காலம் முடியும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: கோபுரம் ஏறும் களப்பிரிவு, அல்லது யாழ்ப்பாணம் அலுவலகத்தில் ஒரு மேசையும் கணினியும். எனக்கு வேண்டியது களப்பிரிவுதான். அன்டெனாவைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதை விட, மேலே போய்க் கையால் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று படிக்கிற காலத்திலிருந்தே ஆசை. ஆனால் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு கோபுரத்தில் முதன்முதலாக ஏறியபோது, இடுப்புப்பட்டி, கொளுக்கி எல்லாம் சரியாக இருந்தும், பாதிவழியில் கால் நின்றுவிட்டது. சற்றுத் தள்ளி ஆஞ்சநேயர் சிலையின் தலை என் கண்மட்டத்தில் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு படிகூட ஏற முடியவில்லை. அடுத்த முறையும் அதே இடத்தில் நின்றேன்.

இறங்கி வந்ததும் கீழே நின்ற தொழில்நுட்பவியலாளர் கேட்டார், "என்ன பிள்ளை, அவருக்கு மேலை போனா மரியாதையில்லை எண்டோ?"

"ஓம். நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரரெண்டாலும் அயலட்டை மரியாதை இருக்குத்தானே" என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் மேலதிகாரி நல்ல மனுசி. கேலி செய்யவில்லை. "வாற திங்கட்கிழமை சொல்லும். எதைச் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னாப் பிறகு மாத்தேலாது" என்றார்.

மலைக்குப் போகலாம் என்பது மச்சாளின் யோசனை. அண்ணையைக் கலியாணம் முடித்தவர் அவர். கண்டிப் பக்கம் படித்தவர் என்பதால் மலையென்றால் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. "டவரிலை ஒரு கம்பியைத்தான் பிடிக்கலாம். மலையிலை விழுந்தா முழு மலையையும் பிடிக்கலாம். அங்கை நிண்டு பாரும். ஏலுமெண்டா களம், ஏலாதெண்டா மேசை" என்றார்.

அண்ணை கணித ஆசிரியர். "நான் உனக்குப் பின்னாலை வாறன். விழுந்தாப் பிடிக்கிறன்" என்றார். அவர் அதுவரை மலை ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கீரிமலையில்கூட மலை இல்லை. ஆகவே பயிற்சி என்ற பெயரில் நான் அலுவலக மாடிப்படியில் ஏறி இறங்கினேன். அவர் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தார். மச்சாள் தனக்குப் பயிற்சி தேவையில்லை என்றார்.

தண்ணீர் அம்மாவின் ஏற்பாடு. எங்கள் வீட்டுக் கிணறு உவர். குடிப்பதற்குத் தேவாலய வளவுக் கிணற்றில் அள்ளுவோம். அதற்கு எங்கள் ஒழுங்கையில் 'நல்ல தண்ணி' என்று பெயர். எங்கே போனாலும் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். தீவுப்பகுதிக்குச் செத்தவீட்டுக்குப் போனாலும் ஒரு போத்தல் போகும். இந்த முறை தூரப் பயணம் என்பதால் பெரிய பிளாஸ்ரிக் கானை நிரப்பி, மூடியைத் துணி வைத்து இறுக்கி, "பிறத்தித் தண்ணி குடிச்சுப்போட்டு மலையிலை கிடந்து உலையாதையுங்கோ" என்று அண்ணையின் கையில் கொடுத்தார். ஆறுகள் மலையில்தான் பிறக்கின்றன என்று மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கானை வாங்கும்போது ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

முதல்நாள் பஸ்ஸில் மாத்தளைக்குப் போய், மச்சாளோடு படித்த ஒருவருடைய வீட்டில் தங்கினோம். விடியற்காலை தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் வழிகாட்டி காத்து நின்றார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கழுத்தில் துவாய், கையில் தடி, வாயில் ஓயாத பேச்சு. எங்களைப் பார்த்து வணக்கம் சொல்வதற்கு முதலே கானைப் பார்த்துவிட்டார்.

"என்னா சார் அது, மண்ணெண்ணையா?"

"தண்ணி" என்றார் அண்ணை.

"தண்ணியா? மலைக்கா?" அவர் தடியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இருபது வருசமா ஆளு கூட்டிட்டுப் போறேன். தண்ணி தூக்கிட்டு மலைக்கு வந்த மொத ஆளு நீங்கதான்."

சொல்லி முடித்து நடந்த கொஞ்ச நேரத்திலேயே முதலாவது ஓடை வந்தது. பிறகு இன்னொன்று. கல்லுக்குக் கல் தாவி விழுகிற தண்ணீர். அடியில் கிடக்கும் இலையின் நரம்புகூடத் தெரிகிற தெளிவு. வழிகாட்டி ஒவ்வோர் ஓடையிலும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணையைப் பார்த்தார். கானைத் தான் தூக்கிவருவதாகவும் கேட்டார். அண்ணை கொடுக்கவில்லை. தோட்பையின் பட்டியில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது அவருடைய ஒவ்வோர் அடிக்கும் 'சளக்' என்று பதில் சொன்னது.

ஏலக்காய்ச் செடிகளுக்குள்ளால் ஏறினோம். பிறகு பாசி படர்ந்த குட்டை மரங்கள். பிறகு திடீரென்று புல்வெளி, வானம். முதலாம் உச்சியில் வாழையிலையைப் பிரித்து, பிட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். கீழே நிலம் துணியைக் கசக்கிப் போட்டது போல மடிந்து மடிந்து கிடந்தது. எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் பனைமரத் தலைகளோடு பார்வை முடிந்துவிடும். இங்கே முடியும் இடமே இல்லை. பயம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை. அந்த உச்சி அகலமானது, அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் உச்சிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மச்சாள் கேட்கும்போதெல்லாம், "அந்தா, அந்த வளைவுதான்" என்றார் வழிகாட்டி.

"இஞ்சேருங்கோ, இந்த மனுசன்ரை வளைவு எத்தினையாம்? நீங்கள் கணக்கு வாத்திதானே" என்றார் மச்சாள்.

"முடிவிலி" என்றார் அண்ணை.

உச்சியில் மச்சாள் காலுறையைக் கழற்றிப் பார்த்தபோது அட்டை ஒன்று குடித்துப் பெருத்துக் கிடந்தது. உப்பைத் தூவியதும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை. அந்த அட்டை எங்கே ஏறியிருக்கும், எவ்வளவு குடித்திருக்கும், தன்னை மட்டும் ஏன் தெரிவுசெய்தது என்பதுதான் கதை.

மூன்றாம் உச்சிக்குப் போகும் மலைமுதுகு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் அகலம் எங்கள் தோட்டக்காணி வரம்பை விடக் கொஞ்சம் கூட. சிறுவயதில் நான் ஓடித் திரிந்த வரம்புகள் அதைவிட ஒடுக்கம். ஆனால் வரம்பில் தவறினால் வெங்காயத்துக்குள் விழுவோம். இங்கே இரண்டு பக்கமும் எதுவுமே இல்லை. அந்த நேரம் மூடுபனி மேலே ஏறி வந்து இரு பக்கத்தையும் வெள்ளையாக நிரப்பியிருந்தது. வழிகாட்டி முன்னால் போனார். அவருக்குப் பின்னால் மச்சாள், பிறகு நான், கடைசியாக அண்ணை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மச்சாளின் குதிக்கால்கள்தான். கேட்டதெல்லாம் அட்டையின் கதை. அந்தக் கதை முடிவதற்குள் அகலமான பாறையில் நின்றேன். கடந்துவிட்டோம் என்றார் வழிகாட்டி. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பார்க்காமல் கடந்ததை வைத்துத் திங்கட்கிழமை என்ன சொல்வது?

அப்போது காற்று ஒரே இழுவையாகப் பனியைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தோம். மலைமுதுகின் நட்டநடுவில் அண்ணை இருந்தார். கால்களை நீட்டி, கானை அவிழ்த்து மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?" என்று மச்சாள் கூப்பிட்டார்.

"இருக்கிறன்."

"எழும்பி வாங்கோவன்."

"கான் ஆட்டுது. இது ஒரு பக்கம் போக நான் மற்றப் பக்கம் போறன்."

வழியில் நாங்கள் பாதி குடித்த கான் அது. உள்ளே இருந்த தண்ணீர் காற்றுக்கும் நடைக்கும் அலைந்து ஆளை இழுத்திருக்கிறது. வழிகாட்டி சொன்னார், "சார், அத அங்கனயே கவுத்து ஊத்திட்டு வாங்க. வெறுங்கான் ஒண்ணும் பண்ணாது."

அண்ணை கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நல்ல தண்ணியை நிலத்தில் ஊற்றுவதை எங்கள் மூவரில் ஒருவரும் கண்டதில்லை. மிஞ்சினால் குடத்துக்குள் திருப்பி ஊற்றுவோம், அல்லது பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம்.

"நீங்க ஊத்தலைன்னா நான் வந்து ஊத்துறேன்" என்று வழிகாட்டி தடியை ஊன்றினார்.

"நில்லுங்கோ, நான் போறன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவர் போனால் தண்ணீர் போய்விடும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பாதிவழி நடந்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். இடப்பக்கம் மரங்கள் பாசி போலச் சிறுத்துத் தெரிந்தன. வலப்பக்கம் ஒரு பருந்து பறந்தது. அதன் முதுகை நான் மேலிருந்து பார்த்தேன். கால் நின்றது. கோபுரத்தில் நின்ற அதே நிற்றல், முழங்காலுக்குள் ஒரு நடுக்கம்.

"நிக்காதை, காத்து அடிக்குது" என்றார் அண்ணை.

"நீங்கள் இருக்கிறீங்கள்தானே?"

"நான் சும்மாவே இருக்கிறன்? தண்ணியைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே இன்னும் ஓர் அடி வைத்துவிட்டேன். நடுக்கம் போகவில்லை. அதுவும் கூடவே வந்தது. நடுங்குகிற காலும் நடக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோபுரத்தில் நான் நடுக்கம் நிற்கும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.

கானை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அப்போது அது ஆடவில்லை. அண்ணை எழும்பி என் பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டார். விழுந்தால் பிடிப்பேன் என்று வந்தவர், பிடித்த பிடியை மூன்றாம் உச்சியின் அடிவாரம் வரை விடவில்லை. நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பருந்து இன்னும் கீழேதான் இருந்தது.

மூன்றாம் உச்சியில் வைத்து அந்தத் தண்ணீரை எல்லாரும் குடித்தோம். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை. வழிகாட்டிக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னா சார், உப்புக் கரிக்குது?"

"இதுதான் எங்கடை நல்ல தண்ணி" என்றார் மச்சாள், கொஞ்சம் கோபமாக.

"இது நல்லதுன்னா, அக்கா, மத்ததுல மனுசன் குளிப்பானா?"

மச்சாள் அவருக்குப் பயத்தம் உருண்டை கொடுக்காமல் டப்பாவை மூடினார். பிறகு மனம் கேளாமல் இரண்டு கொடுத்தார்.

இறங்குகிற பாதை வேறு. அதில் மலைமுதுகு இல்லை. கடைசி ஓடையில் அண்ணை வெறுங்கானைக் கழுவி விளிம்புவரை நிரப்பினார். வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு" என்றார் அண்ணை. அந்தக் கான் பஸ்ஸில் அவருடைய காலடியில் இருந்து யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து ஓட்டோவில் பண்டத்தரிப்புக்கு வந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார்.

"ஒரு ருசியும் இல்லையே. மழைத்தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். மிச்சத்தைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, "களம்" என்றேன்.

"ஏறுவீரோ?"

"கால் நடுங்கும், மிஸ். ஆனா ஏறுவன்."

அவர் என் பெயரைக் களப்பிரிவில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மருதனார்மடத்துக் கோபுரத்தில் ஒரு முறை மேல்தட்டு வரை ஏறியிருக்கிறேன். ஆஞ்சநேயரின் தலைமட்டத்தில் கால் நடுங்கியது. நிற்கவில்லை. மேலே போய் அன்டெனாவைக் கையால் பிடித்துத் திருப்பினேன். அடுத்த கோபுரம் வருகிற வாரம். அண்ணை இன்னும் சைக்கிள்தான் ஓடுகிறார். கான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, தேவாலயக் கிணற்றுத் தண்ணீரோடு.