பூச்சியமாகிப்போன பேச்சு

என்னிடம் எட்டுக் கணினிகள் இருந்தன. ஒன்று புத்தம் புதிது. மிச்சம் ஏழும் வெவ்வேறு வயது, வெவ்வேறு வேகம். ஒரு பெரிய கணக்கைச் சிறு வேலைகளாக உடைத்து அவற்றுக்குப் பங்கிட வேண்டும். ஒரு வேலையின் விடைக்காக இன்னொன்று காத்திருக்கும். அந்த விடை கணினி விட்டுக் கணினி போகவும் நேரம் எடுக்கும். அதனால் ஓயாமல் பேசிக்கொள்ளும் வேலைகளைக் கொத்தாகச் சேர்த்து ஒரே கணினியில் உட்கார வைப்பேன். பல்கலைக்கழகக் கெம்பஸில் இதுதான் என் ஆய்வு. காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊரும்போது மகாவலி ஆற்றின் மேல் பனி நிற்கும். அரைத் தூக்கத்தில் அந்தக் கொத்துகள் தண்ணீரில் மிதந்துவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பேன். சுகமாக இருக்கும்.

அப்போதுதான் உம்மா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்தது. இப்போது நடக்காவிட்டால் பிறகு படுக்கைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருந்து, கஞ்சி, நடைப்பயிற்சி எல்லாவற்றையும் நானே தலையில் போட்டுக்கொண்டேன். என் மூத்த சகோதரர், கலகெதரையில் கடை வைத்திருக்கும் நானா, வந்து வந்து கேட்டார்.

“எனக்கும் ஏதும் ஒரு வேலையத் தா.”

“உங்களுக்குச் சொல்லித் தர்ற நேரத்துல நானே செஞ்சி முடிச்சிருவேன் நானா.”

மாத்திரை டப்பாவைத் திறக்கவே கால் மணி எடுக்கும் மனிதர். எனக்கு அவர் மேல் கோபம்கூட இல்லை, இளக்காரம்தான். உம்மாவோ வோக்கரைப் பிடித்து இரண்டடி வைப்பார், கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள் கத்திவிட்டேன். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம், கணினிகளுக்கிடையே பேச்சு நேரம் பூச்சியம் என்று திரையில் வந்தது. பூச்சியம்! துள்ளிக் குதித்தேன். பக்கத்து மேசை யாழ்ப்பாணத் தோழி எட்டிப் பார்த்தாள்.

“ஓம், வடிவாத்தான் இருக்கு. மற்ற ஏழும் என்ன செய்யுதுகள்?”

ஏழும் சும்மா இருந்தன. பேச்சைக் குறைப்பதிலேயே குறியாக இருந்த என் நிரல், எல்லா வேலையையும் அந்தப் புதுக் கணினியின் தலையிலேயே கட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன். சராசரியில் கடைசியாக நின்ற கிழட்டுக் கணினி, ஒரேயொரு வகை வேலையில் புதியதையே முந்தியது.

திரும்பும் பஸ்ஸில் ஆற்றைப் பார்த்தபடி வந்தேன். எங்கள் வீடும் எத்தனை நாளாய்ப் பேச்சில்லாமல் கிடக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“நாளைக்கு வாங்க. உம்மாவ நடத்துறது உங்கட வேல.”

வந்தார். வோக்கரைத் தொடவேயில்லை. கட்டிலருகே கதிரையைப் போட்டு, கலகெதரைக் கலியாண வீடொன்றின் கதையைத் தன் ஆமை வேகத்தில் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கைவைக்காமல் எழும்பிய இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

“மகன், பொறகு?”

“இங்க வாங்க, சொல்றேன்.”

வோக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் அசையாமல் நின்றேன். கதை விறாந்தைக்குப் போயிற்று. இளவெயிலில் முற்றத்து மாதுளை வரை போயிற்று. அங்கே உம்மா நின்றுகொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உம்மா என்னைக் கண்டார்.

“இவளுக்கும் முதல்ல இருந்து சொல்லு மகன். பாவம், இவளோட பேசத்தான் ஆளில்லாமப் போச்சி.”

அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினேன்.