இரண்டு மணி மாத்திரை

பேய் விஷயத்தில் நானும் உங்களைப் போலத்தான். சிரித்துக்கொண்டே கேட்பேன், விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவேன். ஆனால் இது கட்டுக்கதை இல்லை. என் அக்கா கணவருக்கு நடந்தது. கடைசிப் பகுதிக்கு நானே சாட்சி. நம்புவது உங்கள் பாடு.

மாமா லிஃப்ட் மெக்கானிக். கைராசிக்காரர், கூடவே மொடாக்குடிகாரர். "இன்னொரு தடவை வாடை வந்துச்சுன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். மாமா மூன்று மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போனார்.

டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் பேக்லோஃபென். முதுகுத்தண்டில் அடிபட்டு, கைகால் விறைத்துப்போகிறவர்களுக்குத் தசையைத் தளர்த்தக் கொடுப்பது. குடியை விட முயல்கிற சிலருக்கும், அந்தத் தவிப்பு அடங்கக் கொடுப்பார்களாம். எனக்கு எந்தத் தசையும் இறுகவில்லையே என்று மாமா கேட்டிருக்கிறார். பாட்டிலைப் பிடித்த கை இறுகிப்போயிருக்கிறதே என்று டாக்டர் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நீங்களா திடீர்னு நிறுத்திடக் கூடாது. உடம்பு தாங்காது."

காலை ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, இரவு ஒன்று. அக்கா சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுவிடுகிறது என்று புகார். எப்போதும் அதே இடத்தில். இரண்டு பேர் போக வேண்டிய வேலை, கூட வர வேண்டியவருக்குக் காய்ச்சல். மாமா தனியாகப் போனார். மணி அடித்தால் மேலே வந்து பாருங்கள் என்று காவலாளியிடம் சொன்னார். அந்த ஆள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

மாமா ஏறி ஏழாம் எண்ணை அழுத்தினார். ஒன்று... இரண்டு... மூன்று...

நின்றது.

மாமா அசரவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொள்வது அவருக்கு அன்றாடப் பிழைப்பு. மணியை அழுத்தினார். கீழே கணீரென்று அடிப்பது நன்றாகக் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. கதவை விரலால் நெம்பித் திறந்தார். எதிரே வெறும் சிமெண்ட் சுவர். தலைக்கு மேலிருக்கும் மூடியை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இரும்புப் பெட்டிக்குள் போனில் சிக்னல் ஏது? உட்கார்ந்து யோசித்தார்.

பொத்தான் பலகையைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே, ஒயர்களுக்குப் பின்னால், ஒரு தட்டை பாட்டில் அவரைப் பார்த்தது. பாதி இருந்தது.

அவருடையதேதான். வீட்டில் வைத்தால் அக்கா மோப்பம் பிடித்துவிடுவாள் என்று, குடித்த காலத்தில் தான் பார்க்கும் லிஃப்டுகளில் இப்படி ஒளித்துவைப்பார். பலகையின் சாவி மெக்கானிக்கிடம் மட்டும்தானே இருக்கும். வைத்ததையே மறந்துபோயிருந்தார். கண்ணைத் திருப்பிக்கொண்டு, பலகைக்குள் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். லிஃப்டுக்குள் எவ்வளவு எடை இருக்கிறது என்று காட்டும் திரை அது.

மாமாவும் கருவிப் பையும் சேர்ந்தால் எழுபத்தைந்து கிலோ இருக்கும்.

திரை நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது.

'சரி, கோளாறு இங்கேதான்' என்று நினைத்தார். திரையை அணைத்து மறுபடி போட்டார். நூற்று ஐம்பத்தெட்டு. லேசாகக் குதித்துப் பார்த்தார். எண் ஆடி அடங்கியது. நூற்று ஐம்பத்தெட்டு.

மணி சரியாக இரண்டு.

டக்.

பின்பக்கம். தரையோடு ஒட்டி.

டக்... டக்... டக்...

திரும்பினார். யாரும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. குதிகால் நடுங்கி நடுங்கித் தகரத்தில் அடிக்கிற சத்தம். அடக்க முடியாமல் கால் உதறுகிற சத்தம். கூடவே, பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுகிறார்கள்.

மாமா முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டார். மணியை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். கீழே அடித்தது... யாரும் வரவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் கை தானாகவே பலகைக்குள் போனது. பாட்டிலை எடுத்தது. மூடியைத் திருகியது. ஒரே ஒரு மடக்கு... பயம் போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது? பாட்டில் உதட்டில் பட்டது.

"அது வேண்டாம்..."

இடுப்பு உயரத்திலிருந்து வந்தது குரல். உட்கார்ந்திருப்பவரின் குரல். தாடை இறுகிப்போனவரின் குரல்.

"சார்... மாத்திரை இருக்கா?"

டக். டக். டக். டக்.

"ஒண்ணு போதும் சார்..."

பாட்டில் கைநழுவி உடைந்தது. மாமா டப்பாவைத் திறந்தார். ஒரு மாத்திரையைத் தரையில் வைத்தார்.

எதுவோ உருண்டது. சக்கரம்.

பிறகு...

சத்தம் நின்றது.

விளக்கு வந்தது. தரையில் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. மாத்திரை இல்லை. திரையில் எழுபத்தைந்து. லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது.

மணி காதில் விழவில்லையா என்று மாமா காவலாளியிடம் சண்டைக்குப் போனார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டுச்சுங்க. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு அது அடிக்கும். நான் போறதில்லை."

மாமா சிகிச்சையில் இருந்தபோது நடந்ததாம். ஆறாவது மாடிக் கணக்காளர், சக்கர நாற்காலிக்காரர், வீட்டில் தேட ஆளில்லாத தனி ஆள். ஞாயிறோடு சேர்ந்து வந்த தொடர் விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் இறங்கியிருக்கிறார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அன்று மணியின் பேட்டரி செத்துக் கிடந்தது. விடுமுறை முடிந்துதான் கதவைத் திறந்தார்கள். உடம்பு முழுக்க வில்லாக விறைத்திருந்ததாம். நாற்காலியின் கால்தகடு மட்டும் குதிகால் அடித்து அடித்து நெளிந்திருந்தது. அவருடைய மாத்திரை அட்டை, இரண்டு மணிக்கு ஒன்று போட்டுக்கொண்டு மேலே மேசையில் மறந்து வைத்தபடி இருந்தது.

அதன் பெயரைக் காவலாளிக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமா தன் டப்பாவைத் திறந்து காட்டினார். அதேதான்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. மாமா சொட்டுக்கூடத் தொடவில்லை. இனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாதான் மாட்டேன் என்கிறார். ஞாயிறு தவறாமல் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையடியில் ஒரு மாத்திரை வைக்கிறார். "பேய்க்குப் படியளக்கிறீங்களா மாமா?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

போன ஞாயிறு, இந்தப் பைத்தியக்காரத்தனம் போதும் என்று அக்கா மாத்திரை அட்டையைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாங்கள் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

இரண்டு மணி.

டக்.

குனிந்து பார்த்தேன். எங்கள் எட்டுக் கால்களும் அசையாமல் இருந்தன.

டக்... டக்... டக்...

அக்கா எழுந்தாள். பீரோவைத் திறந்தாள்.

நாளைக்கு மாமா டாக்டரிடம் போகிறார். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று கேட்க அக்காவும் கூடப் போகிறாள். டாக்டர் சீட்டு நின்றுவிட்டால் மருந்துக் கடையில் யாரும் தர மாட்டார்கள் அல்லவா?

அப்புறம் மேசையடியில் இருப்பவருக்கு மாத்திரைக்கு எங்கே போவது...